ஏழாவது கட்டம்

மாநிலக் கொடியில் ஏற்கெனவே ஒரு பாக்குமரம் நிற்கிறது.
அதன் பக்கத்தில் இனி ஒரு சத்தமும் நிற்கட்டும் என்று
மேலிடத்தில் முடிவாகிவிட்டது.
உறுமி மேளம், பினாங்கின் அடையாளம்.
கொம்தாரில், கடல் தெரியாத பக்கம் இருக்கும்
என் மேசைக்குப் படிவம் வந்தது.

பெயர், புழங்கும் இடம், எந்தெந்த நாட்களில்.
தோல் ஆட்டுத்தோல். குச்சி இரண்டு:
அடிக்க ஒன்று, தேய்க்க வளைந்தது ஒன்று.
மத்தியானச் சோற்றுக்கு முன்பே
ஆறு கட்டங்களை நிரப்பிவிட்டேன்.
ஏழாவது:
ஒலியின் விவரம், அறுபது சொற்களுக்கு மிகாமல்.

நிபுணர் அனுப்பிய குறிப்பைப் படித்தேன்.
குளிர்சாதனப் பெட்டியோடு வரும் சிறு புத்தகம்போல் இருந்தது.
பாகான் டாலாம் குழுவின் யுகேந்திரனைக் கேட்டேன்.
குரல் பதிவு அனுப்பினான், நான்கு நொடி:
"அது உறுமும்க்கா, அவ்வளவுதான்."
பின்னால் ஒரு லோரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.

மூன்று வருஷத்துக்கு முன்
நான் அக்கரையில் இருந்தேன்,
மாநகர் மன்றத்தின் சம்மன் கவுண்டரில்.
இவன் குழுவுக்கு இருநூற்றைம்பது வெள்ளி அபராதம்.
எட்டுப் பேர், ஆளுக்கு முப்பது போட்டார்கள்.
பத்து வெள்ளி குறைந்தது.
ஒருவன் கீழே ஓடி, மோட்டார் இருக்கையைத் தூக்கி,
சில்லறை பொறுக்கிக்கொண்டு வந்தான்.
எண்ணி வாங்கியது நான்.
ரசீது எழுதியதும் நான்.

புகாரும் நான்தான்.

தைப்பூசத்துக்கு முந்தைய மாதம்.
எங்கள் பிளாட்டுக்கு எதிரே மேம்பாலத்தின் அடியில்
ஒத்திகை, இரவு பதினொன்று வரைக்கும்.
அவர் பிறை தொழிற்சாலையில் நைட் ஷிப்ட்.
தையல் ஆறாத உடம்போடு
பேறுகால விடுப்பில் படுத்திருந்தவள்
கைப்பேசியில், பெயர் போடாமல், ஆத்திரத்தோடு எழுதினேன்:

"முதலில் காதில் கேட்பதில்லை, தரையில் தெரிகிறது.
பிறகு மூன்றாம் மாடி ஜன்னல் கண்ணாடி பல்லைக் கடிக்கிறது.
தொட்டில் கயிறு வழியாக இறங்குகிறது.
தொண்டை அடைத்த ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு
எதற்கென்று சொல்லாமல் போவதுபோல் இருக்கிறது.
நிறுத்திய பிறகும் நிற்பதில்லை.
உடனே நடவடிக்கை எடுக்கவும்."

அதில் எழுதாதது ஒன்று:
குழந்தை தூங்கிக்கொண்டுதான் இருந்தாள்,
வாயைத் திறந்துகொண்டு, வெகு நிம்மதியாக.
விழித்திருந்தது நான்.
அந்தக் கூப்பாடு என்னையா என்று
ஒரு தடவை எழுந்துபோய்
கதவைக்கூடத் திறந்து பார்த்தேன்.

நேற்று நாலரை மணிவரை ஏழாவது கட்டம் காலி.
சத்தத்துக்குச் சொல் தேடி
மேசை விளிம்பை நகத்தால் தேய்த்துப் பார்த்தேன்.
எதிர் இருக்கை ஃபாத்தின் நிமிர்ந்து முறைத்தாள்.
பிறகு பழைய கைப்பேசியை மின்னில் செருகி
அந்தச் செய்தியைத் தேடி எடுத்து
அப்படியே ஏற்றினேன்.
கடைசி வரியை மட்டும் நீக்கினேன்.
இருபத்தொன்பது சொற்கள். இடம் மிச்சம் இருந்தது.
வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மலாயில் பெயர்த்ததைப் படித்துவிட்டு ரொஸ்லி கேட்டார்,
"யார் எழுதியது? ரொம்ப ஆசைப்பட்டுக் கேட்டவர் போலிருக்கே."
"பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர்," என்றேன்.

இன்று யுகேந்திரன் கையெழுத்துப் போட வந்திருக்கிறான்.
பெரியில் நனைந்த சட்டை, விரலிடுக்கில் விளக்கெண்ணெய்ப் பிசுக்கு.
மேளத்தை வெளியே வைக்கச் சொல்லிவிட்டார்களாம்,
பாதுகாவலர் அதற்கும் ஒரு டோக்கன் கொடுத்திருக்கிறார்.
நின்றபடியே படிவத்தைப் படிக்கிறான்,
வரிக்கு வரி விரலை வைத்து,
கணக்குச் சரிபார்ப்பவனைப்போல.
ஏழாவது கட்டத்தில் விரல் நிற்கிறது.

"மத்ததெல்லாம் சரிக்கா.
இதுல தொட்டில் எங்கேருந்து வந்துச்சு?"

முத்திரை மையை
இழுப்பறைக்குள்
தேடிக்கொண்டிருக்கிறேன்.